அறுநூற்று முப்பது பொட்டு

பரந்தாமன் சார் ஒரு நாள் லீவு போட்டால் நந்தி ஆற்றில் தண்ணீர் இருக்காது. வெயிலில் வற்றிப்போகும் என்று யாரும் நினைக்க வேண்டாம். தண்ணீர் என்கிற பொருளே கலைந்து, ஹைட்ரஜன் ரேணிகுண்டா பக்கமும் ஆக்சிஜன் அரக்கோணம் பக்கமும் ரயிலேறிப் போய்விடும். அந்த இரண்டையும் பிடித்துக் கட்டிவைத்திருப்பதே அவர்தான். மலைமேல் இருக்கிற முருகனுக்குக்கூடத் தன் ஆறு தலையும் ஒரே கழுத்தில் எத்தனை விறைப்பாக நிற்கின்றன என்று தெரியாது. பரந்தாமன் சாரைக் கேட்டால் பேப்பரைப் பார்க்காமல் சொல்லுவார்.

இப்படி அள்ளிவிட்டது அம்சா. கேட்டுக்கொண்டிருந்தவர்கள், திருத்தணி கடைத்தெரு மாடியில் வரதராஜன் மாஸ்டர் நடத்திய டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் பரீட்சைக்குப் படிக்க வந்த பிள்ளைகள். வருஷம் 1978. அம்சாவுக்குப் பதினேழு வயது. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கும் சயின்ஸும் போய்விட்டன. அப்பாவும் அம்மாவும் மணவூரில் நடவுக்கும் அறுப்புக்கும் கூலிக்குப் போக, இவள் காலைப் பாசஞ்சரில் ஏறித் திருத்தணிக்கு வருவாள். இன்ஸ்டிடியூட்டைப் பெருக்குவாள், பன்னிரண்டு மெஷினையும் துடைப்பாள், வெளியிலிருந்து வரும் டைப் வேலைகளை அடித்துக் கொடுப்பாள். விரலைவிடக் குறும்பு வேகமாக ஓடும். 'மணி அடிக்கும் இயந்திரம் வைத்திருப்போர் உடனே லைசென்ஸ் பெற வேண்டும்' என்று சர்க்கார் கடிதம் போலவே ஒன்றை அடித்து மாஸ்டர் மேசையில் வைத்துவிட்டாள். டைப்ரைட்டர் வரி முடியும்போது டிங் என்கிறதே, அந்த மணிக்கு. மாஸ்டர் சட்டையை மாட்டிக்கொண்டு பஞ்சாயத்து ஆபீஸ் வரைக்கும் போய், நாலு பேர் சிரிப்பை வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

உண்மையான பரந்தாமன் சாருக்கு எதையும் கட்டிவைக்கிற தெம்பு கிடையாது. அம்மையார்குப்பத்து நெசவுக் குடும்பம். அண்ணன் பவர்லூம் ஓட்டுகிறார். குடும்பத்தில் எம்.எஸ்ஸி. வரை போனது இவர் ஒருவர்தான். போனதற்குக் கிடைத்தது ஒரு கல்லூரியில் டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. பையன்களுக்குப் பிப்பெட் எடுத்துக் கொடுப்பது, உப்புப் பொட்டலம் கட்டுவது, உடைந்த குடுவைக்கு நோட்டில் கையெழுத்து வாங்குவது. பதினோரு வருஷமாக அதையே செய்துகொண்டிருந்தார். அவரிடம் பிப்பெட் வாங்கிய பையன்களில் இரண்டு பேர் அதே கல்லூரியில் லெக்சரர்களாக வந்து, "பரந்தாமன், அந்த பர்னரைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். டாக்டர் பட்டம் ஒன்று வந்தால்தான் அவருக்கும் லெக்சரர் நாற்காலி. பட்டத்துக்குப் பதிவு செய்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. இரண்டு முறை தவணை நீட்டிக் கொடுத்த பல்கலைக்கழகம், மூன்றாவது முறை கிடையாது என்று எழுதிவிட்டது. 1979 மார்ச் கடைசிக்குள் தீசிஸ் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் பர்னர்தான், ரிடையர் ஆகிற வரைக்கும்.

அந்தத் தீசிஸை அடிக்கிற வேலை அம்சாவுக்கு வந்தது. ஒரிஜினல் ஒன்று, கார்பன் வைத்து நாலு, ஆக ஐந்து பிரதி. டைப்ரைட்டரில் இல்லாத கிரேக்க எழுத்துகளுக்கு அவள் இடம் விட்டுப் போவாள்; அவர் பிறகு பேனாவால் எழுதிக்கொள்வார். அந்த எழுத்துகளுக்கெல்லாம் அம்சா பேர் வைத்திருந்தாள்.

"இந்தப் பக்கத்துல சூலம் ரெண்டு, பாம்பு மூணு வுட்டிருக்கேன் சார்" என்பாள்.

ஒரு தடவை அவருக்குப் போகிற கவரில் 'டாக்டர் பரந்தாமன்' என்று அடித்துவைத்தாள். அவர் சிரிக்கவில்லை. பிளேடை எடுத்து அந்த 'டாக்டரை' மட்டும் நுணுக்கமாகச் சுரண்டினார். "ஆவறதுக்கு முன்னாடி போடக் கூடாதும்மா" என்றார். அதற்குப் பிறகு அம்சா அவரிடம் மட்டும் கை வைப்பதில்லை என்று முடிவெடுத்தாள். முடிவு இரண்டு மாதம் தாங்கியது.

இன்னதுதான் எழுதுகிறீர்கள் என்று ஒரு நாள் கேட்டே விட்டாள். அவர் விலாவாரியாகச் சொன்னார். அணுவும் அணுவும் ஸ்பிரிங் போட்டுக் கட்டியதுபோல ஆடிக்கொண்டே இருக்கின்றன. எத்தனை வேகமாக ஆடுகின்றன என்று ஒளியைப் பாய்ச்சி அளந்துவிட்டார்கள். அதிலிருந்து அந்த ஸ்பிரிங் எத்தனை விறைப்பு என்று கண்டுபிடிப்பதுதான் இவர் வேலை. முதலில் ஒரு விறைப்பை உத்தேசமாக வைத்துக் கணக்குப் போடவேண்டும். வருகிற வேகம் அளந்த வேகத்தோடு ஒத்துவராது. விறைப்பைக் கொஞ்சம் திருத்தி மறுபடி போடவேண்டும். ஒத்துவருகிற வரைக்கும் இப்படியே. ஒரே சாயலில் ஒன்பது மூலக்கூறுகள். எட்டை ஏற்கெனவே யாராவது எங்கேயாவது போட்டுப் பார்த்திருந்தார்கள். ஒன்பதாவதை உலகத்தில் யாரும் போடவில்லை. தீசிஸின் உயிரே அந்த ஒன்பதாவதுதான்.

கணக்கைப் போட்டது சென்னையில் ஒரு பெரிய கல்விக்கூடத்தின் கம்ப்யூட்டர். வெளியாட்களுக்குச் சனிக்கிழமை அரை மணி நேரம் கொடுப்பார்கள். கணக்கு முழுவதையும் ஓட்டைகளாகக் குத்திய அட்டைகள், மொத்தம் அறுநூற்று நாற்பது. வரிசை மாறாமல் ஒரு பெட்டியில் அடுக்கி, கவுன்டரில் கொடுத்தால் மெஷின் ஒவ்வொன்றாக விழுங்கிப் படிக்கும். சாரின் வாடகை வீட்டு ஓடு ஒழுகும் என்பதால் வாரம் முழுக்கப் பெட்டி இன்ஸ்டிடியூட் பீரோவில் இருக்கும். வெள்ளி சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போய், சனி விடியலில் ரயிலேறுவார். எட்டு மூலக்கூறு இப்படியே முடிந்தது. ஒன்பதாவதற்கான அட்டைகள் தயாராகப் பெட்டியில் இருந்தபோதுதான் ஆயுத பூஜை வந்தது.

மெஷின்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரிகடலை படைக்கவேண்டும். சோறு போடுகிற சாமான் ஒன்றையும் விடாதே என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வாழைக்கன்று வாங்கப் போனார். அம்சா பன்னிரண்டு மெஷினுக்கும் வைத்தாள், பஞ்சிங் மெஷினுக்கு வைத்தாள், கோந்து பாட்டிலுக்கும் வைத்தாள். பீரோவைத் திறந்தாள். சார் பெட்டி.

பெட்டிமேல் ஒன்று வைத்தால் போதும்தான். ஆனால் மெஷின் பெட்டியையா விழுங்கப்போகிறது? அட்டையைத்தான் விழுங்கும். எந்த அட்டைக்குப் பொட்டு இல்லையோ அந்த அட்டையில் கணக்குத் தப்பினால் என்ன செய்வது? குந்திய இடத்தில் மூன்று மணி நேரம். ஒவ்வொரு அட்டையாக எடுத்து, ஓரத்தில் ஓட்டை இல்லாத இடம் பார்த்து, சந்தனம், அதன்மேல் குங்குமம், காயவைத்து, வரிசை பிசகாமல் அடுக்கினாள். முதல் பத்து அட்டையை மட்டும் விட்டுவிட்டாள். எடுத்தவுடனே தெரிந்துபோனால் அதில் என்ன சுவாரசியம்? சென்னையில் போய்ப் பெட்டியைப் புரட்டும்போது சார் முகம் எப்படிப் போகும் என்று நினைத்து நினைத்துச் சிரித்துக்கொண்டே அறுநூற்று முப்பது பொட்டு வைத்தாள். அதில் பாதி வேண்டுதல். ஆனால் யாராவது கேட்டிருந்தால் எல்லாம் விளையாட்டுக்குத்தான் என்றிருப்பாள்.

திங்கட்கிழமை சார் வந்து சொன்னது நாலே வாக்கியம். அட்டைகள் உள்ளே போய்ச் சந்தனம் உதிர்ந்து மெஷின் சிக்கிக்கொண்டது. பிரித்துத் துடைக்க ஒரு நாள் ஆகி, பலபேர் வேலை நின்றுபோனது. இனி அவருக்குச் சனிக்கிழமை அரை மணி கிடையாது. தீசிஸை மேற்பார்க்கிற கைடுக்குப் போனிலேயே சொல்லிவிட்டார்கள், கைடும் கைவிரித்துவிட்டார்.

ஐந்தாவதாக ஒன்று, மாஸ்டர் துருவிக் கேட்ட பிறகு வந்தது. அங்கே இருந்த ஆபரேட்டர் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "பேரு நட்சத்திரம் சொல்லுங்க சார், அர்ச்சனை பண்ணிடலாம்" என்றானாம்.

மாஸ்டருக்கே சிரிப்பு வரவில்லை. யார் வைத்தது என்று கேட்டார்.

"எங்கம்மாதான். வெள்ளிக்கிழமை ராத்திரி பெட்டி வூட்ல இருந்துது" என்றார் பரந்தாமன் சார்.

சாரின் அம்மா கெங்கம்மாள் பொட்டு வைக்காத பொருள் அந்த வீட்டில் இல்லை. சைக்கிள் பம்பு, ரேஷன் கார்டு, மகன் கழற்றி வைத்த மூக்குக்கண்ணாடியின் காது, எல்லாவற்றிலும் இருக்கும். அம்சா மெஷினில் பேப்பரை மாட்டினாள். நேராக்கினாள். மறுபடி நேராக்கினாள். சொல்ல வாய் வந்தது. வந்த வாயால் கார்பன் பேப்பரைத்தான் ஊதினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அடித்த பக்கங்களைக் கொடுக்கிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போனாள். அங்கே சொல்லிவிடலாம் என்றுதான் போனாள். வாசலிலேயே கேட்டது. சார் கத்திக்கொண்டிருந்தார். அவர் கத்துவார் என்றே அவளுக்குத் தெரியாது. ஆறு வருஷம், என் தலையெழுத்து, உன் குங்குமம் என்று என்னென்னவோ.

கெங்கம்மாள் அடுப்படியில் நின்றுகொண்டு யோசித்துப் பார்த்தாள். வைத்த ஞாபகம் இல்லை. வைக்காத ஞாபகமும் இல்லை.

"நான்தான் வெச்சிருப்பேன் நைனா" என்றாள். "எதுக்குத்தான் நான் வெக்கல."

அம்சா பக்கங்களை வாசற்படியில் வைத்துவிட்டு ரயிலுக்கு ஓடிவிட்டாள். அதற்குப் பிறகு கெங்கம்மாள் வீட்டில் எதற்கும் பொட்டு வைக்கவில்லை. மகன் மேசை இருக்கிற பக்கமே போவதில்லை. அந்தப் பக்கம் பெருக்க வேண்டியிருந்தால் அவரே பெருக்கிக்கொண்டார்.

ஒன்பதாவதைக் கையால் போட்டுப் பார்ப்பது என்று சார் தீர்மானித்தார். அம்மையார்குப்பம் நெசவாளர் சங்கத்தில் கைப்பிடி சுற்றுகிற கணக்கு மெஷின் ஒன்று இருந்தது. அண்ணன் சொல்லிவைத்ததில், சனி சாயங்காலம் பஸ்ஸில் அது திருத்தணிக்கு வந்து திங்கள் காலையில் திரும்பிப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்ஸ்டிடியூட் காலியாகத்தான் இருந்தது. சுற்றுவதற்கு ஆள் வேண்டுமே என்று அவர் பொதுவாகச் சொன்னார். நான் சுத்தறேன் சார் என்று அம்சா உடனே சொன்னாள். ஊர் வாய்க்குப் பயந்து கதவை விரியத் திறந்துபோட்டு, மாஸ்டர் மாடிப்படி தலைமாட்டில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்தார்.

சார் எண்ணைச் சொல்லுவார். இவள் முள்ளை நகர்த்தி, முன்னால் எட்டுச் சுற்று, பின்னால் மூன்று சுற்று, வந்ததைப் படித்துச் சொல்லி எழுதுவாள். கம்ப்யூட்டரில் சில நிமிஷத்தில் ஆகிற ஒரு திருத்தத்துக்கு இங்கே நாலு ஞாயிறு. மார்கழியில், படித் திருவிழா அன்றைக்கும் ஞாயிறு. தாளமும் பஜனையுமாகக் கூட்டம் கூட்டமாக மலைப்பக்கம் போய்க்கொண்டிருக்க, அவர் எண்ணைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அம்சாவின் வலது தோள் இறங்கிப்போனது. வீட்டில் கேட்டதற்கு ஹையர் பரீட்சைக்குப் பழகுகிறேன் என்றாள். சுற்றிக்கொண்டிருக்கும்போதே இரண்டு மூன்று தடவை, இப்போது சொல்லிவிடலாம் என்று நினைப்பாள். அதற்குள் அடுத்த எண் வந்துவிடும்.

மார்ச் இரண்டாம் வாரம் ஐந்தாவது திருத்தம் முடிந்தது. விறைப்பு ஐந்து புள்ளி ஒன்று என்று வந்தது. வேகத்தோடு ஒத்துவரவில்லை, இன்னும் இரண்டு திருத்தமாவது போடவேண்டும். அதற்கு எட்டு ஞாயிறு. கையில் இருந்தது இரண்டு.

மறுநாள் டைப்புக்குக் கொடுத்த அட்டவணையில், ஒன்பதாவது மூலக்கூறுக்கு நேராக நாலு புள்ளி ஆறு இரண்டு என்று எழுதியிருந்தார். ஐந்து புள்ளி ஒன்று என்று கடைசித் தாளில் எழுதியது அம்சாவின் சொந்தக் கை.

"இது எப்ப சார் வந்துது?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். மற்ற எட்டையும் பார்த்தால் இது எங்கே போய் நிற்கும் என்று சுமாராகத் தெரிகிறது என்றார்.

"சுமாருக்கு எதுக்கு சார் புள்ளிக்கு அப்புறம் ரெண்டு எண்ணு? நாலரைன்னே போட்டுடலாமே."

"நாலரைன்னு போட்டா சும்மா சொல்றான்னு தெரிஞ்சுடும்" என்றார். "நாலு புள்ளி ஆறு ரெண்டுன்னா, கணக்கு போட்டிருக்கான்னு நம்புவாங்க. அடிம்மா."

அவள் அடித்தாள். கவரில் இருந்த ஒரு வார்த்தையைப் பிளேடு போட்டுச் சுரண்டிய கைதான் இந்த எண்ணையும் எழுதியது. அந்தக் கையை இதுவரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தது யார் என்று கணக்குப் போட அவளுக்குச் சங்கத்து மெஷின் தேவைப்படவில்லை.

கடைசியாக நன்றிப் பக்கம் வந்தது. கைடுக்கு நன்றி. கல்லூரி முதல்வருக்கு நன்றி. விரட்டியடித்த கம்ப்யூட்டர் இடத்துக்கும் நன்றி. நெசவாளர் சங்கத்துக்கு நன்றி. ஐந்தாவது வரியில், இந்த ஆய்வேட்டைப் பொறுமையாகத் தட்டச்சு செய்து, கணக்கிடுவதிலும் உதவிய செல்வி அம்சாவுக்கு நன்றி. கெங்கம்மாள் பேர் எங்குமே இல்லை.

தன் பேர் இங்கிலீஷில் எழுதியிருப்பதை அம்சா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பரீட்சை ஹால் டிக்கெட்டைத் தவிர வேறெங்கும் அது அச்சில் வந்ததில்லை. பிறகு ஐந்து தாள், நாலு கார்பன் வைத்து, மடமடவென்று அடித்தாள்.

தீசிஸ் மார்ச் முப்பதாம் தேதி போய்ச் சேர்ந்தது. பதினாலு மாதம் கழித்து முடிவு வந்தது. வெளிநாட்டுப் பரீட்சகர் ஒருவர், ஒன்பதாவது மூலக்கூறுக்குக் கிடைத்த எண் மிகவும் நம்பிக்கையூட்டுகிறது, இந்த ஆய்வின் சிறந்த பகுதி அதுவே என்று எழுதியிருந்தார். பரந்தாமன் சார் டாக்டர் ஆனார். லெக்சரர் நாற்காலியும் வந்தது. அண்ணன் அம்மையார்குப்பத்திலிருந்து மாலையோடு வந்து இறங்கினார். கெங்கம்மாளிடம் புத்தகத்தைக் கொடுத்தபோது அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாளே தவிர, வாங்கவில்லை. நீயே வை நைனா, என் கை பட்டா ஆவாது என்றாளாம்.

மறுநாள் மத்தியானம் சார் இன்ஸ்டிடியூட்டுக்கு வந்தார். மாஸ்டர் சாப்பிடப் போயிருந்தார். ஐந்தாவது பிரதி, எழுத்தே மங்கலான கடைசிக் கார்பன், அவர் கையில் இருந்தது. லட்டுப் பொட்டலத்தை மெஷின் பக்கத்தில் வைத்துவிட்டு, நன்றிப் பக்கத்தைப் பிரித்து அம்சா முன்னால் நீட்டினார். அங்கே ஐந்தாவது வரியில், ஆய்வேட்டைப் பொறுமையாகத் தட்டச்சு செய்து, கணக்கிடுவதிலும் உதவியதற்காகத் திருமதி கெங்கம்மாளுக்கு நன்றி சொல்லப்பட்டிருந்தது.

"எங்கம்மா எப்பம்மா டைப் அடிச்சுது?" என்றார்.

"கை தவறிப் போச்சு சார்."

"அஞ்சு பிரதியிலயுமா?"

"கார்பன் வெச்சா அஞ்சுலயும் அதேதான் சார் வுழும்."

அவர் சிரிப்பார் என்று பார்த்தாள். அவர் எதிர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பைண்டிங்குக்குக் குடுக்கும்போதே பாத்துட்டேன். திருத்த நேரமில்ல, வுட்டுட்டேன். எங்கம்மா பண்ணாத வேல அதும் பேர்ல போறது இது ரெண்டாவது தடவை."

அம்சா மெஷின் விசைகள்மேல் வைத்த விரலை எடுக்கவில்லை.

"திருப்பிக் குடுத்த அட்டைங்கள எல்லாம் புரட்டிப் பாத்தேன்" என்றார். "முன்னால பொட்டு. பின்னால எல்லாத்துலயும் ரிப்பன் மை, ஒரே கட்டைவிரலு. எங்கம்மா கையில ரிப்பன் மை ஏது?"

"எப்ப சார் பாத்தீங்க?"

"ரயில்ல வரும்போது."

அப்படியானால் அந்தத் திங்கட்கிழமைக்கு முன்னாலேயே. கெங்கம்மாள் அடுப்படியில் நின்று யோசித்துப் பார்த்தாளே, அதற்கும் முன்னாலேயே.

"தெரிஞ்சுமா சார் அம்மாவ அப்படித் திட்டினீங்க?"

அவர் புத்தகத்தை மூடினார்.

"உன்னத் திட்டியிருந்தா நீ வேலைய வுட்டுட்டுப் போயிருப்பே" என்றார். "எங்கம்மா எங்க போவும்?"